நீலக்கல்லில் காணாமல் போன இழைகள்

நகைக்கல்லைக் கிட்டத்தில் படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்குப் போன் செய்கிறீர்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கண்புரை அறுவை முடிந்து, ஸ்டுடியோச் சாவியையும் கொடுத்தாயிற்று. கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கேட்கிறவர்களே மூன்று லென்ஸ் பெயர்களைச் சொல்லி, இதில் எது என்றும் கேட்கிறீர்கள். நான் "முதலில் மேசை வாங்கு" என்கிறேன். உடனே மறுமுனையில் சத்தமே இருக்காது. போன வாரம் ஒரு பிள்ளை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னது.

கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். மேசை என்று நான் சொல்வதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு இருக்கிறது. என் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய தவறும் இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் நீங்கள் எந்த லென்ஸை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் குமாரபாளையம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே தறி வீடு. சேலைக் கடைகளுக்கும் துண்டு கம்பெனிகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பதில்தான் தொழிலை ஆரம்பித்தேன். ஊடை நூலும் பாவு நூலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி படம் கேட்பார்கள். அப்படித்தான் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ் என் கைக்கு வந்தது. ஒரு நாள் சேலத்து நகைக்கடைக்காரர் ஒருவர், நான் எடுத்த பட்டுச்சேலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "நூலையே இந்த அளவுக்கு எடுக்கறீங்களே, கல்லை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். எடுத்தால் போச்சு என்று சொன்னேன். நூல் வேறு, கல் வேறு என்பது தெரியாமல் சொன்ன வார்த்தை.

நூல் சும்மா கிடக்கும். கல் எதிரே இருப்பதையெல்லாம் வாங்கித் திருப்பிக் காட்டும். முதல் மாதம் நான் எடுத்த கற்கள் எல்லாவற்றிலும் என் மூக்கு இருந்தது. லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய ஃப்ளாஷ் ஒன்று வைத்திருந்தேன். அதில் எடுத்தால் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு வெள்ளை வளையம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை என் அண்ணன் மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, விடாமல் எரியும் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறினேன். கல்லுக்கு மிக அருகில் போகும் லென்ஸின் நிழல் கல் மேலேயே விழுந்தது. அதனால் தள்ளி நின்று எடுக்கிற நீள லென்ஸாக வாங்கினேன்.

துணியிலும் ஒரு வம்பு. கறுப்புத் துணியில் கல்லை வைக்கக் கூடாது, மஞ்சள் துணிதான் ராசி என்று கடைக்காரர் ஒரே பிடியாக நின்றார். மஞ்சள் துணியில் நீலக்கல் பச்சை பாய்ந்து வந்தது. நீலம் சனிக்கு உரியது, சனிக்குக் கறுப்பு ஆகிவரும் என்று நானாக ஒரு சாஸ்திரம் சொல்லிக் கறுப்புத் துணியை விரித்தேன். மாணிக்கத்துக்கும் மரகதத்துக்கும் என்ன சாஸ்திரம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டு வந்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கேமராவை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தும் தண்டவாளம், கனமான ஸ்டாண்டு, கணினியிலிருந்தே அழுத்துகிற வசதி என்று சாமான்கள் சேர்ந்தன. என் ஸ்டுடியோ எங்கள் வீட்டு மாடியில் இருந்தது. கீழே என் கொழுந்தனாரின் எட்டு விசைத்தறிகள். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் தறி. தெரு முழுக்கத் தறி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாட்களில் இது எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

அந்தச் சேலத்து நகைக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய கல்லை மெருகுக்கு அனுப்பும் முன் ஒரு படம், திரும்பி வந்ததும் ஒரு படம் எடுக்க வேண்டும். மெருகு போட்டால் கல்லின் எடை கொஞ்சம் குறையும். அதனால் எடையை வைத்து அதே கல்தானா என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் கல்லின் உள்ளே இருப்பது மாறாது. உள்ளே ஒரு புள்ளியோ கீறலோ இருந்தால் அதுதான் அந்தக் கல்லுக்கு அங்க அடையாளம்.

நாமக்கல் பக்கத்து லாரிக்காரக் குடும்பம் ஒன்றின் நீலக்கல் வந்தது. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக மோதிரத்தில் இருந்த கல். ஓரத்துப் பட்டை சிதைந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே லேசாகப் புகை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். என் புதிய லென்ஸில், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பெரிதாக்கி எடுத்தபோது அந்தப் புகை பிரிந்து, மெல்லிய ஊசி ஊசியான இழைகளாகத் தெரிந்தது. மூன்று திசையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. தொழிலில் இதை சில்க், பட்டு என்பார்கள். தறி ஊரில் பிறந்த எனக்குக் கல்லுக்குள்ளும் இழை ஓடுவதைப் பார்த்து ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. லென்ஸுன்னா இது லென்ஸு என்று கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கல்லை மெருகுக்கு வாங்கிக்கொண்டு போனது அஞ்சலை. நான் அதுவரை அவளைப் பார்த்ததில்லை. ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, திருச்சியில் கல் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை கற்று, சேலத்தில் தனியாகச் சாணை போட்டு மெருகு வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நான்கைந்து கடைகள் அவளை நம்பிக் கல்லைக் கொடுத்தன. அந்தத் தொழிலில் எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. கை சுத்தம் என்ற பேர் ஒன்றுதான் முதலீடு.

பத்து நாள் கழித்துக் கல் திரும்பி என் மேசைக்கு வந்தது. அதே லென்ஸ், அதே விளக்கு, அதே கோணம். படத்தில் இழை இல்லை. வெறும் நீலப் புகை. விளக்கை இடம் வலம் மாற்றிப் பார்த்தேன். கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். புகைதான் வந்தது.

இரண்டு படங்களையும் கடைக்காரருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "ஏனுங்க மேடம், ரெண்டும் ஒரே கல்லுங்களா? நாளன்னைக்குப் பார்ட்டி வாராங்க. ஒரு வார்த்தை தெளிவாச் சொல்லிப் போடுங்க" என்றார்.

அந்த இடத்தில் ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இத்தனை சாமான் வாங்கி வைத்திருக்கிறவள் தெரியவில்லை என்று சொல்வதா? "இது அந்தக் கல் இல்லைங்க. என் லென்ஸு பொய் சொல்லாது" என்றேன்.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கடையில் வேலை செய்கிறவர்களும், கல் பதிக்க வந்திருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். முந்தின நாள் கல்லைக் கொடுத்துவிட்டு, அன்று கூலிக்காக வந்து உட்கார்ந்திருந்த அஞ்சலையும் கேட்டாள். இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கடைக்காரரின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் அவர் இறங்கினார், பின்னால் அஞ்சலை இறங்கினாள். அவர் கெட்டவர் கிடையாது. கல்லை மாற்றிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் சொன்னால் கடையின் மானம் போகும் என்ற பயம் அவருக்கு. மாடிப்படி ஏறும்போதே சொன்னார்.

"நான் சொன்னா இந்தம்மா ஒத்துக்க மாட்டீங்கறாங்க. நீங்களே படத்தைக் காட்டி நேர்ல சொல்லுங்க. சாயங்காலம் மத்த கடைக்காரங்களுக்கும் தாக்கல் சொல்லியாவணும். நாளைக்கு அவங்க கல்லும் போச்சுன்னா என்னையல்ல கேப்பாங்க?"

அதன் அர்த்தம் எனக்கும் புரிந்தது, அஞ்சலைக்கும் புரிந்தது. சாயங்காலத்துக்குப் பிறகு சேலத்தில் ஒரு கடைகூட அவள் கையில் கல்லைக் கொடுக்காது. அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் மேசைக்கு எதிரே நின்றாள். நான் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"நான் கல்லை மாத்தலக்கா. ஓரத்துல செதஞ்சிருந்த பட்டைய மட்டும்தான் தேச்சேன்" என்றாள்.

"அப்ப உள்ளார இருந்த இழை எங்கம்மா போச்சு? தேச்சா உள்ள இருக்கறது போயிருமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"போகாதுங்க. எம்மாந் தேச்சாலும் போகாது. அதான் எனக்கே ஒண்ணும் புரியல."

இந்தப் பதில் என்னை எங்கேயோ குத்தியது. தேய்த்ததில் போயிருக்கும் என்று அவள் சொல்லியிருக்கலாம். திருடுகிறவர்கள் வேறு ஏதாவது ஒரு காரணத்தையாவது கையில் வைத்திருப்பார்கள். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொய்யை இவள் தானாகவே தள்ளிவிட்டாள். முந்தின நாள் போனில் பேசியபோது இல்லாத சந்தேகம் அப்போதுதான் எனக்கு வந்தது. அதுவும் அவள் மேல் இல்லை, என் மேல்.

"இருங்க, இன்னொரு தடவை உங்க முன்னாலயே எடுக்கறேன்" என்று கல்லை வைத்தேன். வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். அஞ்சலை டம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்கக் குனிந்தாள். மறு கையை மேசை விளிம்பில் ஊன்றினாள். ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்துவிட்டு, மறுபடி விரல் நுனிகளை மட்டும் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த மேசைக்கு அடியில எதனா மோட்டார் ஓடுதா?"

"இல்லையே."

"நடுங்குதே."

நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேசை மேசையாகத்தான் இருந்தது. கடைக்காரரும் வைத்துப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கற மாதிரிதானுங்க இருக்குது" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. பதினாறு வருஷமாக வேலை செய்கிற என் மேசையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"எங்க சாணைத் தகடு ஒரு மயிரிழை ஆடினாலும் பட்டையில கோடு விழுந்துரும்க்கா. விரல்லதான் அதைக் கண்டுபிடிப்போம். இது ஆடுது" என்று சொல்லி, அஞ்சலை கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். "தண்ணிய பாருங்க."

பார்த்தேன். டம்ளர் தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் எனக்குக் கீழே தறி ஓடுகிற சத்தமே கேட்டது. காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தெருவில் குழந்தைகள் தறிச் சத்தத்தில் தூங்கும், தறி நின்றால் விழித்து அழும். அந்த மாதிரி வளர்ந்த உடம்புக்கு ஆட்டம்தான் நிலையாக இருப்பது. பெரிதாக்கும்போது திரையில் கல்லின் விளிம்பு மினுங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கணினி பழசாகிவிட்டது என்று நினைத்தேன். ஸ்டாண்டு மாற்றினேன், லென்ஸ் மாற்றினேன், காலுக்கு அடியில் தரை ஆடுவதை மட்டும் பார்க்கவில்லை. இந்தத் தவறை வேறு ஊர்க்காரர் செய்திருக்க மாட்டார்.

கல்லை முழுசாக எடுக்கும்போது அந்த ஆட்டம் படத்தில் தெரியாது. ஊசி இழையைப் பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக்கி, ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்து எடுக்கும்போது, இழை ஆடி ஆடிக் கரைந்து புகையாகிவிடும். அப்படியானால் முதல் படத்தில் எப்படி வந்தது? கோப்பின் தேதியைப் பார்த்தேன். பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். மாதம் ஒரு நாள் லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். கணினியும் விளக்கும் பேட்டரியில் ஓடின. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. என் லென்ஸின் சாமர்த்தியம் என்று நான் கொண்டாடியது மின்வாரியம் செய்த உபகாரம்.

உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேறு இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய் எடுக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாமுங்க. இடத்தை மாத்தினா அது வேற கதையாப் போயிரும். எடுக்கறதுன்னா இங்கயே, இதே மேசையில, என் கண்ணு முன்னால எடுங்க. தெரிஞ்சா ஒத்துக்கறேன். தெரியலைன்னா இந்தம்மாவுக்காக நீங்க பேசக் கூடாது."

நியாயமான பேச்சுத்தான். கீழே இறங்கி ஓடினேன். கொழுந்தனார் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு கால் மணி நேரம் தறிய நிறுத்துங்க" என்றேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கையிலிருந்த இழையை விட்டுவிட்டு எழுந்தார். "நம்முளுதை நிறுத்திப் போடறேன் அண்ணி. பக்கத்துல, எதுத்தாப்புல எல்லாம் ஓடுதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

எட்டுத் தறியும் நின்றன. மாடிக்குப் போய்ப் பார்த்தால் டம்ளரில் வளையம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. மறுபடி இறங்கினேன். பக்கத்து வீடு, எதிர்வீடு, அதற்கு அடுத்த வீடு என்று ஏறி இறங்கினேன். ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தினால் துணியில் கோடு விழும், மறுபடி ஓட்டும்போது இழை அறும். தறிக்காரரிடம் இதைக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தறி வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாசலிலும் நின்று, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ஒரு தப்புப் பண்ணிப் போட்டனுங்க. ஒண்ணும் பண்ணாத ஒரு பொம்பளை மேல திருட்டுப் பழி விழுந்திருக்குது. கால் மணி நேரம் நிறுத்துனீங்கன்னா அவ பொழச்சுக்குவா."

ஒரு வீட்டில், "இழை அத்துப்போச்சுன்னா நீங்க வந்து முடிவீங்களா?" என்று கேட்டார்கள். "வந்து முடியறேனுங்க" என்றேன். இன்னொரு வீட்டில் ஒன்றும் கேட்காமல் போய் சுவிட்சை அணைத்தார்கள். ஏழு வீடு ஆயிற்று. ஏழாவது வீட்டுத் தறி நின்றதும் தெருவில் அப்படி ஒரு அமைதி. எங்கோ ஒரு குழந்தை விழித்து அழுதது.

பட்டப்பகலில் எங்கள் தெருவில் தறி நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை தெருவில் யாராவது இறந்திருக்க வேண்டும். இழவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் தறி ஓட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததால் கரண்ட் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெருக்கோடி வரைக்கும் ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டுக்குப் புறப்பட்ட கோலத்திலேயே வந்தார். "எந்த ஊடுங்க? யாருங்க போயிட்டாங்க?" என்று நாலு பக்கமும் விசாரணை. "யாரும் போவலீங்க, எல்லாரும் சொகமா இருக்கறாங்க, அண்ணி போட்டோ எடுக்கறாங்க!" என்று கொழுந்தனார் நடுத்தெருவில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மாடிக்கு ஓடினேன். டம்ளரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கை பட்டால் அதுவும் ஆடும் என்று கேமராவைத் தொடவே இல்லை. கணினியிலிருந்து அழுத்தினேன். படம் திரைக்கு வந்தது.

இழைகள் இருந்தன. மூன்று திசையிலும், முதல் படத்தில் எங்கெங்கே வெட்டிக்கொண்டனவோ அங்கங்கே வெட்டிக்கொண்டு, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. கடைக்காரர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். விரலை வைத்து அந்தப் படத்தில் ஒரு இழை, இந்தப் படத்தில் ஒரு இழை என்று பார்த்துக்கொண்டே வந்தார். வெகு நேரம் பார்த்தார். "அதேதானுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அஞ்சலை திரையைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சிரு கண்ணு" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க சொன்னா யாருக்குக்கா கேக்கும்? நேத்து கடையில அத்தினி பேரு கேக்கச் சொன்னீங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

"நான் சொல்லிக்கறேன் உடுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"நீங்க சொன்னா, பாவம்னு சொல்றாருன்னு நெனப்பாங்க. அக்காதான் சொல்லணும்."

அவர்களுடன் நானும் அதே காரில் ஏறினேன். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன. இழை முடிய நான் வர முடியாமல் போனதற்கு அந்த வீட்டில் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குமாரபாளையத்திலிருந்து சேலம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் உங்களுக்கு மேசை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போய் லென்ஸ் வாங்கிவிடுவீர்கள். வேலை செய்யப் போகும் இடத்தில் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். காலை, மதியம், சாயங்காலம் என்று பாருங்கள். மெயின் ரோடு லாரி, பக்கத்துத் தறி, மாவு மில், ஏன், வீட்டு வாஷிங் மெஷின்கூடத் தண்ணீரில் தெரியும். நான் அந்த மாதமே மாடியை விட்டு இறங்கி, கொல்லைப்புறத்தில் தரைத்தளத்தில் ஓர் அறைக்கு மாறினேன். பழைய லாரி ட்யூப் ஒன்றில் பாதிக் காற்று அடித்துக் கீழே போட்டு, அதன் மேல் தடியான கடப்பைக் கல் பலகையை வைத்து, கேமரா, விளக்கு, கல் மூன்றையும் அந்த ஒரே பலகையில் ஏற்றினேன். நடுக்கத்தை ட்யூப் முழுங்கிவிடும். கொழுந்தனார் கொடுத்த யோசனை இது. எந்தக் கடையிலும் விற்காது.

அடுத்து விளக்கு. விடாமல் எரியும் விளக்கு பார்த்து வைக்கச் சௌகரியம். ஆனால் ஃப்ளாஷ் கண் சிமிட்டுவதற்குள் வந்து போய்விடும், ஆட்டம் படத்தில் விழ நேரம் இருக்காது. வளைய ஃப்ளாஷ் வேண்டாம். சின்னதாக இரண்டு ஃப்ளாஷ், முன்னால் வெள்ளைக் காகிதம், பக்கவாட்டிலிருந்து அடித்தால் போதும். இதெல்லாம் ஆன பிறகு மிச்சக் காசில் லென்ஸ் வாங்குங்கள், கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். எந்தச் சாமான் வாங்கினாலும், தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். அதை உங்களுக்காகச் சொல்லித் தருகிற சாமான் இன்னும் வரவில்லை.

சேலம் வந்துவிட்டது.

கடையில் நல்ல கூட்டம். முந்தின நாள் இருந்த வேலைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கல் பதிக்கிற இரண்டு பேரையும் கடைக்காரர் போன் செய்து வரவழைத்திருந்தார். கொலுசு பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் ஏறிப் பேசியவள் அல்ல நான். அஞ்சலை வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை.

"நேத்து போன்ல அந்தக் கல் இல்லைன்னு சொன்னது நானுங்க" என்று ஆரம்பித்தேன். "அது அந்தக் கல்லேதான். என் மேசை ஆடுனது எனக்குத் தெரியலை. தெரியாமயே வாயை உட்டுட்டேன். அஞ்சலை கை சுத்தம். தப்பு முழுசும் என்னுளுது."

கல் பதிக்கிறவர்களில் ஒருவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அஞ்சலைக்காக நகர்த்திப் போட்டார். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

கடைக்காரர் உள்ளறைக்குப் போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்துடன் வந்தார். பிரித்துக் காட்டினார். ஓரம் மங்கிய ஒரு மரகதம். "எப்பவும் போல மெருகு போட்டுக் குடுத்திருங்கம்மா" என்று அவளிடம் நீட்டினார். அவரால் அப்படித்தான் மன்னிப்புக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அஞ்சலை கையை நீட்டவில்லை. "மொதல்ல அக்கா இதைப் படம் எடுக்கட்டும். அதுக்கப்புறம்தான் நான் தொடுவேன்" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. "இத்தனைக்கு அப்புறமும் என் படத்தையா கண்ணு நம்பறே?" என்று கேட்டேன்.

"இனிமே நீங்க பாக்காம சொல்ல மாட்டீங்கக்கா" என்று சொல்லி, பொட்டலத்தை அவர் கையிலிருந்து தன் தலைப்பு நுனியால் வாங்கி, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மூடிவிட்டாள்.

பேருந்தில் திரும்பி வந்தேன். சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் கண்ணீர் நிற்கவில்லை, நான் துடைக்கவும் இல்லை. நேற்று எவள் பேரை நான் ஒரு வார்த்தையில் கெடுத்தேனோ, அவள் தன் பேரை மறுபடியும் என் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தாள்.